ரயிலில்லாத ஊரில் எட்டு ஸ்டேஷன்

அறுபத்தெட்டாம் வருஷம் ஜூலை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஹெட்கிளார்க் பக்தவத்சலத்தின் மனைவி நீலாவதி குடையை மடக்கியபடி கமலாட்சியின் வீட்டுக்குள் வந்தாள். கையில் கருநீலத் துணி இருந்தது. நல்ல கெட்டிப் பருத்தி.

"இதுல எனக்கு ஒரு பைஜாமா தைக்கணும் கமலாட்சி."

கமலாட்சி மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். அவள் போர்ட் பிளேயருக்கு வந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் பட்டறைக்கு ஃபிட்டர் வேலைக்கு வந்த பரமசிவத்தைக் கட்டிக்கொண்டு, கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பல் ஏறியவள். ஒரே மகளை மாயாபந்தரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவர்கள் குடியிருக்கும் மரைன் ஹில்லில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை, பாவாடை எல்லாம் அவள் தையல்தான். ஆனால் கஞ்சி போட்ட சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்திப் பார்த்திராத நீலாவதி பைஜாமா கேட்பாள் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

"ஐயாவுக்கா?"

"எனக்குன்னுதானே சொன்னேன். இடுப்புல நாடா. ஆம்பளைங்க போடுற மாதிரி தொளதொளன்னு வேண்டாம். குனிஞ்சா நிமிந்தா பிடிக்கக் கூடாது."

"எங்கம்மா போட்டுக்க?"

"சும்மா. வீட்டுக்குள்ள."

வீட்டுக்குள் போட்டுக்கொள்ள எதற்குக் கெட்டித் துணி என்று கேட்க வாய் வந்தது. கமலாட்சி டேப்பை எடுத்தாள். அளவெடுத்து, வெட்டி, சனிக்கிழமை கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மலையாளத்து நர்ஸ் வந்தாள். அவளிடமும் அதே கருநீலத் துணி. அதற்கடுத்து ஒரு வங்காளி வாத்தியாரம்மா. பிறகு, மூன்று தலைமுறையாக இந்தத் தீவிலேயே இருக்கும் சந்திரமதி. சந்திரமதியின் பாட்டனார் கைதியாக வந்து, விடுதலையாகி, இங்கேயே மாடு வாங்கிக்கட்டி நிலைத்தவர். இப்போதும் மலையில் முக்கால்வாசி வீட்டுக்கு அவர்கள் வீட்டுப் பால்தான். ஒரு மாதத்துக்குள் ஏழு பைஜாமா தைத்தாயிற்று. எதற்கு என்று கேட்டால், எல்லோரும் எழுதி வைத்துப் படித்ததுபோல ஒரே பதில்தான் சொன்னார்கள்: சும்மா.

ஆகஸ்டில் தைத்தவை திரும்பி வரத் தொடங்கின. மூன்று பைஜாமா, மூன்றும் ஒரே இடத்தில், இரண்டு தொடையும் சேருகிற தையலில் விட்டிருந்தன. கமலாட்சிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவள் தைத்தது துணி நைந்து கிழிந்ததுண்டு, தையல் விட்டதில்லை. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். நூல் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் யாரோ பலங்கொண்டு இழுத்ததுபோலத் துணியே பிய்ந்திருந்தது. ஒன்றின் முழங்காலில் தேங்காய் நார்த் துணுக்கு ஒட்டியிருந்தது. இன்னொன்றை மூக்கருகே கொண்டு போனாள். பரமசிவத்தின் பட்டறைச் சட்டையில் வருமே, அதே வியர்வை வாடை. வங்காளி வாத்தியாரம்மாவின் உடுப்பில் அந்த வாடை எப்படி வரும்?

அன்றைக்கு மத்தியானமே நர்ஸும் சந்திரமதியும் அவள் வீட்டு முன்னறையில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். கமலாட்சி உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸின் குரல் கேட்டது.

"மூணாமத்த ஸ்டேஷன் எனக்குக் குழப்பமில்லா. அஞ்சாமத்ததுதான் கஷ்டம்."

"பாஞ்ச் நம்பர் ஸ்டேஷனா? அரே பாப் ரே!" என்று சந்திரமதி சிரித்தாள். "அங்க என் ஜானே போயிடுது. நான் நாலுலேயே எறங்கிடலாமான்னு பாக்குறேன்."

கமலாட்சியின் ஊசி நின்றது. இந்தத் தீவில் எத்தனையோ உண்டு. கப்பல் உண்டு, லாரி உண்டு, காட்டில் மரம் இழுக்க யானை உண்டு. ரயில் மட்டும் கிடையாது. சந்திரமதி பிறந்ததிலிருந்து ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. அவள் எந்த ஸ்டேஷனில் இறங்குகிறாள்?

சாயங்காலம் பரமசிவம் குளித்துவிட்டுத் தேநீருக்கு உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏங்க, இந்த ஊர்ல ஸ்டேஷன்னா என்னது?"

"போலீஸ் ஸ்டேஷன். ரேடியோ ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு."

"அஞ்சாவது ஸ்டேஷன்னா?"

பரமசிவம் தேநீரை ஆற்றியபடி யோசித்தான். எதைக் கேட்டாலும் தெரியாது என்று உடனே சொல்லிவிடுகிற ஆளில்லை அவன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். வண்டூர்ப் பக்கத்தைச் சேர்த்தும் அவனுக்கு ஐந்து கிடைக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"பால்கார வீட்டுச் சந்திரமதி."

"அப்ப அவகிட்டயே கேளு. எதுக்கு என்னைப் போட்டுக் கொடையுற?"

மறுநாள் காலை பால் கொண்டு வந்தபோது கமலாட்சி அவளைப் பிடித்துக்கொண்டாள். சந்திரமதியால் எதையும் நெடுநேரம் வயிற்றில் வைத்திருக்க முடியாது. செம்பைக் கீழே வைத்தாள்.

"டீச்சர் யாருகிட்ட வேணா சொல்லுன்னு சொல்லிச்சு அக்கா. ஹெட்கிளார்க் மேம்சாப்தான் கிசிக்கோ மத் போல்னா, யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லிச்சு. கப்பல் ஜெட்டிக்குப் போற ரோட்டுல பழைய மரக் கிடங்கு இருக்கில்ல? அங்கதான். கசரத் பண்றோம்."

"கசரத்துன்னா?"

"உடம்புக்கு. ஆம்பளைங்க அகாடால தண்டால், பஸ்கி பண்ணுவாங்களே, அது மாதிரி. ஆனா நாம மட்டும். சிர்ஃப் அவ்ரத், பொம்பளைங்க. செவ்வாய், வியாழன், சனி, மூணு மணிக்கு. நீயும் வந்து பாரேன்."

மெயின்லேண்டிலிருந்து புதிதாகப் பெண்கள் பள்ளிக்கு ஜெயமணி என்று ஒரு பி.டி. டீச்சர் வந்திருந்தது கமலாட்சிக்குத் தெரியும். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி மலையேறிப் போகிறதைப் பார்த்திருக்கிறாள். மகளிர் சங்கத்தார் காலியாகக் கிடந்த அந்தக் கிடங்கை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்களாம்.

வியாழக்கிழமை கமலாட்சி இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தையல் விட்ட பைஜாமா ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஜன்னல்களில் சாக்குப் படுதா கட்டியிருந்தது. உள்ளிருந்து ஒரு விசில் சத்தம், அதைத் தொடர்ந்து தடதடவென்று காலடிச் சத்தம், அப்புறம் பெண்கள் மூச்சு வாங்குகிற சத்தம். கதவைத் தட்டினாள்.

திறந்தது ஜெயமணியேதான். குள்ளமாக, ஒல்லியாக, இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் விசில்.

"பேர் குடுக்கறீங்களா?"

"இல்லம்மா, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..."

"பாக்க வர்றவங்களுக்கு இங்க எடமில்லைங்க. கோவிச்சுக்காதீங்க. பாக்க ஆள் இருந்தா இவங்க கையத் தூக்கக்கூட மாட்டாங்க."

கமலாட்சி பையிலிருந்து பைஜாமாவை எடுத்து, பிய்ந்த இடத்தில் இரண்டு விரலை விட்டு விரித்துக் காட்டினாள். "இத தைச்சவ நான்தான். எதனால விடுதுன்னு கண்ணால பாத்தாத்தான் அடுத்தத சரியா வெட்ட முடியும்."

ஜெயமணி அந்த ஓட்டையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்ப அது வேலை. இன்னிக்கு ஒரு நாள் இருங்க. அந்த மூலையில."

கமலாட்சி ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தாள். நடுவில் இடம் விட்டு, கிடங்கின் ஓரமாகச் சுற்றிச் சுண்ணாம்பால் எட்டு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தது. ஒன்றாவதில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு. இரண்டாவதில் ஒரு பெஞ்சு, அதில் ஏறி ஏறி இறங்க வேண்டும். மூன்றாவதில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நான்காவதில் மணல் நிரப்பிய இரண்டு டின், காலை அகட்டி உட்கார்ந்து தூக்கி எழ வேண்டும். ஐந்தாவதில் உத்தரத்திலிருந்து ஒரு வடக்கயிறு தொங்கியது. ஆறாவதில் உள்ளே என்னவோ அடைத்த கனமான தோல் பந்து. ஏழாவதில் லாரி டயர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள், அவற்றைத் தாண்டிப் போக வேண்டும். விசில் அடித்தால் ஆளுக்கொரு வட்டத்தில் வேலை தொடங்கும். மறுபடி விசில் அடித்தால் எல்லோரும் அடுத்த வட்டத்துக்கு நகர்வார்கள். எட்டு சுற்றியதும் ஒரு ரவுண்டு. அந்த மாதிரி மூன்று.

ஆக, ஸ்டேஷன் என்பது இதுதான். கமலாட்சிக்கு ஒரு பக்கம் ஏமாற்றமாகவும் இன்னொரு பக்கம் கண்ணை எடுக்க முடியாமலும் இருந்தது. நர்ஸ் மலையாளத்தில் எண்ணினாள். வங்காளி வாத்தியாரம்மா வங்காளத்தில். சந்திரமதி இந்தியில். பக்கத்து எண்ணிக்கை காதில் விழுந்து யாராவது தப்பவிட்டால் ஒரே சிரிப்பு. நீலாவதியும் சிரித்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் தொங்க, வாய் திறந்து, தொண்டையெல்லாம் தெரியச் சிரித்தாள். அப்படி ஒரு நீலாவதியைக் கமலாட்சி கண்டதேயில்லை. அடுத்த கணம் மூலையில் உட்கார்ந்திருந்தவளை நீலாவதி பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

நான்காவது வட்டத்தில் சந்திரமதி காலை அகட்டி டின்னைத் தூக்கியபோதே கமலாட்சிக்குக் கோளாறு பிடிபட்டது. நூலில் தப்பில்லை, வெட்டில்தான் தப்பு. அந்த இடத்தில் தனியாக ஒரு சதுரத் துண்டு வைத்திருக்க வேண்டும். பிறகு அதைச் சொன்னபோது சந்திரமதி, "மியானி! எங்க அம்மா சல்வாருக்கு வைக்கும்" என்றாள்.

ஆனால் எட்டாவது வட்டம் அவளுக்குப் பிடிபடவில்லை. அதில் ஒன்றுமே இல்லை. ஒரு தேங்காய் நார்ப் பாய். அங்கே போகிறவர்கள் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்கள். அவ்வளவுதான். விசில் அடித்ததும் எழுந்துவிடுவார்கள். எழுந்து வரும்போது முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. எப்படி வேறு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அளவெடுத்து அளவெடுத்து மனுஷர்களைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண் அது. ஏதோ இருக்கிறது என்று சொல்லிற்று.

வகுப்பு முடிந்ததும் ஜெயமணி வந்தாள்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது டீச்சர். எல்லாத்தையும் பிரிச்சுத் தச்சுத் தாரேன்."

"நீங்களும் வரலாமே."

"நானா? எனக்கு முட்டு வலி."

"எந்த முட்டு?"

"வலது. மெஷின் மிதிக்கிறதுல்ல."

"இந்தக் கட்டையில உக்காருங்க. கையை ஊனாம எந்திரிங்க பாப்போம்."

கமலாட்சி உட்கார்ந்தாள். எழப் பார்த்தாள். கை தானாகப் போய்த் தொடையைப் பிடித்தது. எடுத்துவிட்டு மறுபடி முயன்றாள். முடியவில்லை.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டாள் ஜெயமணி. குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கமலாட்சி மலையேறி வீடு வந்து சேரும்வரை அதையே யோசித்தாள். கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகக் கப்பல் படியேறிய நாளில் கையை ஊன்றவில்லை. அது நிச்சயம். அதற்கும் இன்றைக்கும் நடுவில் என்றைக்கோ ஒரு நாள் கை கீழே போயிருக்கிறது. அது எந்த நாள்? தன் உடம்பில் நடந்த சங்கதி தனக்கே தெரியாமல் போனது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

அதிலிருந்து வீட்டில் ஆள் இல்லாத நேரங்களில் அவள் சோதனை பண்ண ஆரம்பித்தாள். முக்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். ஒற்றைக் காலில் நின்று எண்ணினாள். ஏழு வந்ததும் வெட்டுத் துணிக் குவியல் மேல் சாய்ந்தாள். கொடிக்கயிற்றை அவிழ்த்து இரண்டு தரம் குதித்தாள். மூன்றாவது தரம் கயிறு கூரையில் சொருகியிருந்த விளக்குமாற்றைத் தட்டி விட்டது. பாயை விரித்து மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கையை வைத்துக் கண்ணையும் மூடிப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை கேட்டது. உலையில் அரிசி போடாதது ஞாபகம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

பைஜாமா வாங்க வந்தவர்களை விசாரித்தாள். எட்டாவதில் படுத்தால் என்ன ஆகும்?

"உறக்கம் வரும்" என்றாள் நர்ஸ்.

வங்காளி வாத்தியாரம்மா இந்தியில் நிறைய சொன்னாள். அதில் ஆகாசம் என்ற ஒரு வார்த்தை மட்டும் கமலாட்சிக்குப் புரிந்தது.

"என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்கும்" என்றாள் சந்திரமதி. "ஆனா மொதல்ல ஏழும் பண்ணணும் அக்கா. சும்மா போய்ப் படுத்தா குச் நஹீ, ஒண்ணும் வராது."

கடைசியாக நீலாவதி வந்தாள். தைத்த பைஜாமாவை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டாள். போகவில்லை.

"டீச்சர் உன்னையும் கூப்பிட்டாங்களாமே."

"ஆமாம்மா."

"போகப் போறியா?"

"தெரியலம்மா. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

நீலாவதி ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். "தப்பா எடுத்துக்காத கமலாட்சி. என் அளவு மொத்தமும் உனக்குத் தெரியும். வருஷா வருஷம் எங்க எத்தனை இன்ச் ஏறுச்சுன்னு என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அங்க நான் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, நாய் மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கேன். அதையும் நீ பாக்கணுமா?"

"நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொன்னதில்லையேம்மா."

"சொல்லுவேன்னு சொல்லல. இந்த ஊர்ல எனக்குன்னு போக வர அந்த ஒரு எடம்தான் இருக்கு. மத்த எங்க போனாலும் ஹெட்கிளார்க் பொண்டாட்டி. அங்கயும் வந்து நீ 'அம்மா'ன்னு கூப்பிட்டா..." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கமலாட்சிக்குச் சுருக்கென்றிருந்தது. நீ தையல்காரி, எங்கள் கூட்டத்துக்கு வராதே என்று சொன்னதுபோலவும் இருந்தது. அப்படி இல்லை, வேறு எதையோ கெஞ்சிக் கேட்டதுபோலவும் இருந்தது. போகாமல் இருந்துவிடலாம். எதுவும் கெட்டுப் போகாது. நீலாவதியின் துணியும் வந்துகொண்டிருக்கும், முட்டும் வலித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோது பரமசிவம் கடைத்தெருவிலிருந்து வந்துவிட்டான். வாசலிலேயே நின்று பார்த்தான்.

"என்ன வேண்டுதலா?"

அவளுக்குச் சிரிப்பு வந்து கால் கீழே இறங்கியது. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டாம் என்பானோ, என்ன கூத்து என்பானோ என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் கவனம் எங்கேயோ போய் நின்றது.

"கயிறு எதுல கட்டியிருக்கு?"

"உத்தரத்துல."

"என்ன மரம்? படாக் மரமா?"

"மரத்தையா பாத்தேன் நான்?"

"மரத்தப் பாக்காம என்னத்தப் பாத்த? ஆள் தொங்குற எடம். முடிச்சு எப்படிப் போட்டிருக்கு, சும்மா சுத்தியா, இல்ல வளையம் போட்டா?"

"நான் போகட்டுமா வேண்டாமான்னு கேக்கேன், நீங்க முடிச்சப் பத்திப் பேசுதீங்க."

"போகணும்னா போ. வேண்டாம்னா விடு. அந்தம்மா என்ன நெனைச்சா என்ன? அந்தம்மாவா வந்து டின்னைத் தூக்கப் போகுது? நீயில்ல தூக்கணும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான், "போனா அந்த முடிச்ச மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

மியானி வைக்கவென்று அவளே வாங்கிய கருநீலத் துணியில் மிச்சம் இரண்டரை கஜம் அலமாரியில் இருந்தது. கமலாட்சி அதை எடுத்து மேஜையில் போட்டாள். டேப்பை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றினாள். முன்னால் பிடித்தால் பின்னால் இறங்கியது. அவள் தனக்குத் தைத்துக்கொண்ட ரவிக்கையெல்லாம் பழைய ரவிக்கையை வைத்து வெட்டியவைதான். ஊரெல்லாம் அளவெடுத்தவளை இதுவரை யாரும் அளவெடுத்ததில்லை.

"ஏங்க, இத இப்படிப் பிடிங்க." உடனே சேர்த்துச் சொன்னாள்: "அளவெடுத்தா போறதா அர்த்தமில்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

பரமசிவம் பட்டறையில் குழாயை அளப்பதுபோலவே அளந்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. "இடுப்பு முப்பத்தொம்பதே கால்."

"கூட்டிச் சொல்லாதீங்க."

"டேப்புல உள்ளதத்தான் சொல்லுதேன். நேரா நில்லு. மூச்ச இழுத்துப் பிடிக்காத, அப்புறம் நாடா கட்ட முடியாது." இடுப்பிலிருந்து கணுக்கால், தொடைச் சுற்று, முழங்கால். வலது முழங்கால் இடதைவிட அரை இன்ச் பெரிதாக இருந்தது. அவன் அதை மறுபடி அளந்தான். மூன்றாந்தரமும் அளந்தான். "இது வீங்கியில்ல இருக்கு" என்றான் மெதுவாக. "எங்கிட்ட சொல்லவேயில்லயே நீ."

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

மியானி வைத்துத் தைத்த அந்த பைஜாமா பத்து நாள் கொடியில் கிடந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வகுப்பு நாட்கள் கடந்துபோயின. மூன்று மணி ஆனால் கமலாட்சியின் காது ஜெட்டி ரோட்டுப் பக்கம் போய்விடும். அவ்வளவு தூரத்திலிருந்து விசில் கேட்க வழியில்லை. ஆனாலும் இப்போது நாலாவது, இப்போது ஐந்தாவது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு மெஷினை மிதிப்பாள். எட்டு வந்ததும் எண்ணிக்கை முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே என்ன இருக்கிறது? பார்த்துத் தெரியவில்லை. கேட்டும் தெரியவில்லை. வீட்டில் படுத்துப் பார்த்தும் தெரியவில்லை. கடைசியில் நீலாவதியின் மனவருத்தமோ, தன் முழங்காலோ எதுவும் முன்னே நிற்கவில்லை. அந்த நார்ப்பாய்தான் நின்றது. செப்டம்பர் மூன்றாவது வியாழக்கிழமை பைஜாமாவைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜெயமணி ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "டயர் தாண்ட வேணாம், நடந்து போங்க. டின்ல மணல் பாதி போதும்" என்றாள்.

அன்றைக்குக் கமலாட்சி நான்கு ஸ்டேஷன் பார்த்தாள். ஐந்தாவதில் வடக்கயிற்றைப் பிடித்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஜெயமணி தோளைப் பிடித்து, "போதும், எட்டாவதுல போய்ப் படுங்க" என்றாள்.

"இல்ல டீச்சர். ஏழும் முடிக்காம அங்க போகமாட்டேன்." அந்த நிலையிலும் அண்ணாந்து பார்த்து வைத்துக்கொண்டாள். இரும்பு வளையம் போட்டு, இரட்டை முடிச்சு. அதைப் போய்ச் சொன்னதும் பரமசிவம் திருப்தியாகத் தலையாட்டினான்.

இரண்டு நாள் படியிறங்க முடியவில்லை. பக்கத்து மாடிவீட்டுப் பெண்கள் என்னவென்று கேட்டார்கள். கமலாட்சி மறைக்கவில்லை. கிடங்கு, டின், கயிறு எல்லாம் சொன்னாள். கேட்டதில் இரண்டு பேர் அவளிடமே கருநீலத் துணிக்குச் சொல்லி வைத்தார்கள். இது நீலாவதிக்கு எட்டாமல் இருக்குமா? அதற்குப் பிறகு நீலாவதியின் துணி அபர்தீன் பஜார்த் தையல்கடைக்குப் போக ஆரம்பித்தது. கிடங்கில் எதிரெதிரே வந்தாலும் அவள் கமலாட்சியைப் பார்க்காததுபோலப் போனாள். கமலாட்சியும் வலியப் பேசவில்லை. "அம்மா" என்று கூப்பிடவும் இல்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

நாலாவது வாரம் அவள் ஏழையும் முடித்தாள். நார்ப்பாயில் மல்லாந்து படுத்தாள். முதுகு முழுக்க நார் குத்தியது. காதுக்குள் கப்பல் இஞ்சின் மாதிரி ஒன்று ஓடியது. அது தன் நெஞ்சுதான் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. சந்திரமதி சொன்னதும் சரிதான், நர்ஸ் சொன்னதும் சரிதான். ஆனால் கமலாட்சிக்கு வந்தது இரண்டும் இல்லை. சிரிப்பு வந்தது. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, சத்தமில்லாமல் சிரித்தாள்.

அக்டோபரில் ஆள் பதினாறாகிவிட்டது. எட்டு வட்டத்துக்குப் பதினாறு பேர் என்பதால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சுற்ற வேண்டியதாயிற்று. யாருக்கு யார் என்று ஜெயமணி உயரத்தைப் பார்த்துப் பிரித்தாள். கமலாட்சியும் நீலாவதியும் ஒரே உயரம்.

முதல் ஐந்து வட்டமும் பேச்சில்லாமல் போயிற்று. ஆறாவதில் பந்தை ஒருவர் எறிய மற்றவர் நெஞ்சோடு பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். பந்து நீலாவதியிடம் இருந்தது. விசில் அடித்தது. அவள் கமலாட்சியின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி எறிந்தாள். நல்ல வேகம். கமலாட்சி இரண்டடி பின்னால் போய்ப் பிடித்தாள். மூச்சு நின்று வந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் அதே வேகத்தில் திருப்பி எறிந்தாள்.

நீலாவதி தடுமாறிப் பிடித்தாள். இப்போது நேராகப் பார்த்தாள். மறுபடி எறிந்தாள். மறுபடி வந்தது. கொண்டை அவிழ்ந்தது. எண்ண வேண்டும் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனார்கள். விசில் அடித்தது. அவர்கள் காதில் விழவில்லை.

"மேம்சாப், அக்கா, சீட்டி அடிச்சாச்சு!" என்று பின்னாலிருந்து சந்திரமதி கத்தினாள்.

நீலாவதி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கி முடிக்கவே நேரமாயிற்று.

"என்ன கை உனக்கு, உலக்க மாதிரி" என்றாள்.

"கத்திரி பிடிச்ச கை" என்றாள் கமலாட்சி. கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்களும் லேசில்ல நீலாக்கா" என்றாள்.

அந்தப் பெயரை அந்த ஊரில் யாரும் அதுவரை சொன்னதில்லை. நீலாவதி பந்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த இருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"இருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கமலாட்சியைப் பார்த்துப் பந்தை ஓங்கினாள்.